பாண்டியன் போயிருச்சா?

எங்க அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு. இன்னைக்கும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பக்கத்தில் நிற்பவரிடம், "பாண்டியன் போயிருச்சாம்மா?" என்றுதான் கேட்பார். போன மாதம் அப்படிக் கேட்டது ஒரு காலேஜ் பெண்ணிடம். அந்தப் பொண்ணு, யாரோ பாண்டியன் என்கிற ஆளைத் தேடுறாங்க போலிருக்கு என்று நினைத்து, "எனக்குத் தெரியாது பாட்டி, டைம் கீப்பர் ரூம்ல கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டது. அம்மா கேட்டது மதுரை பஸ்ஸை. பஸ்களில் இருந்து அந்தப் பெயர் அழிக்கப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு இருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்க தாத்தா இதே ரோட்டில் ஓடிய பஸ்ஸை "டிவிஎஸ்" என்பார். அம்மாவுக்கு "பாண்டியன்". எனக்குக் "கவர்மென்ட் பஸ்". இப்போ எங்க வீட்டுப் பெண்களுக்கு "ஃப்ரீ பஸ்". ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட முழுசா இருக்காது. அந்தத் துண்டு ரோட்டில் ஓடும் ஒரு பஸ்ஸுக்கு ஒரே குடும்பத்தில் நாலு பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு காலம் இருக்கு. அதில் ஒரு பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ரத்தமும் இருக்கு. அதைப் பற்றி சேர்த்துவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தாத்தாவின் டிவிஎஸ்

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்து கிளம்பி திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். அதைத் தாண்டி சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, மலை ஏறி இறங்கினால் கொல்லம். இடது கைப்பக்கம் கரிசல், வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. பஞ்சு, நெல், மாங்காய், பால்கோவா, கோர்ட் கேஸ் எல்லாமே இந்த ரோட்டில்தான் போய்வந்தன.

நிர்வாகக் கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் இருந்து துண்டு துண்டாக எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். அதுவரை திருநெல்வேலியில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ராமநாதபுரத்துக்குப் போனது. ஆனால் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் ரொம்ப காலம் இயங்கியது மதுரையில். ஆக எங்க ஊர்க்காரர் பட்டா விஷயமாகக் கலெக்டரைப் பார்க்கணும் என்றாலும் மதுரைக்குத்தான் போகணும். ரயில் வந்தது 1927-இல்தான். விருதுநகர் - தென்காசி பாதை அந்த வருடம் திறக்கப்பட்டது. அதற்கு முன் மாட்டு வண்டி, அதைவிட்டால் புதுசா வந்த மோட்டார்.

மோட்டார் என்றதும் தெற்கே எல்லோரும் சொல்லும் பெயர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். திருக்குறுங்குடிக்காரர். 1911-இல் மதுரையில் கம்பெனி ஆரம்பித்து, அடுத்த வருடமே பஸ் விட்டவர். அந்தக் காலத்து பஸ் என்பது லாரிச் சட்டத்தின் மேல் மரப்பலகை பெஞ்சு போட்ட வண்டி. மற்ற முதலாளிகளின் வண்டி, ஆள் நிரம்பினால் கிளம்பும். நிரம்பாவிட்டால் கண்டக்டர் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவார். டிவிஎஸ் வண்டி ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பும். அந்த பஸ்ஸைப் பார்த்து கடிகாரம் திருத்திக்கொண்டார்கள் என்ற பேச்சு மதுரைப் பக்கம் இன்னும் இருக்கு. ரோட்டில் மாட்டு லாடத்தில் இருந்து விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்க்கின்றன என்று, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணி பொறுக்கவைத்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். பஸ் ஓடணும் என்றால் முதலில் ரோட்டை நம்ப முடியணும் என்பதை அந்த ஆள் புரிந்துவைத்திருந்தார் என்று அதற்கு அர்த்தம்.

இரண்டாம் உலகப் போர் சமயம் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பாதி பஸ்கள் ஷெட்டில் முடங்கின. அப்போது கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டும் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் வந்தது. பஸ்ஸோடு ஒரு உலையைக் கட்டிக்கொண்டு போவது போல. தாத்தா இதைப் பற்றிச் சொல்லும்போது, "மேட்டுல ஏறாது, எல்லாரும் இறங்கித் தள்ளணும். வேட்டி பூரா கரி. ஆனாலும் நடக்கிறதுக்கு அது தேவல" என்பார்.

ஏறலாமா, ஏறக்கூடாதா?

பஸ் வந்தது எல்லோருக்காகவும் வந்ததா? இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்கவே இல்லை. டிக்கெட் எடுத்தால் ஏறலாம், இதில் என்ன கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர், சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். சென்னை தி.நகரில் பாண்டி பஜார் என்று சொல்கிறோமே, அது இவர் பெயர்தான். இவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தார். அதாவது எங்க ஊரும் சேர்ந்த ஜில்லா. அன்றைக்கு ரோடு ஜில்லா போர்டுடையது. அதில் பஸ் ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தது.

அந்தக் காலத்தில் பல தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றமாட்டார்கள். காசு கொடுத்தாலும் கிடையாது. பக்கத்து சீட்காரர் முகம் சுளிப்பார், வியாபாரம் கெடும் என்பது முதலாளிகளின் நியாயம். சௌந்தரபாண்டியன் போட்ட உத்தரவு சுருக்கமானது: தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து. அவ்வளவுதான். மனசு மாறணும், பக்குவம் வரணும் என்றெல்லாம் காத்திருக்கவில்லை. முதலாளிக்கு எது வலிக்குமோ அங்கே கை வைத்தார்.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கு. அவர் நாடார் சமூகத்தில் பிறந்தவர். 1899-இல் சிவகாசியில் நடந்த கொள்ளையும் கலவரமும் அந்தச் சமூகத்தின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி வந்தவை. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கூப்பிடு தூரம். வாசலில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஆனால் அப்படி நிறுத்தப்பட்ட எல்லோரும் அடுத்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று வரலாறு சொல்லவில்லை. அதனால்தான் இவர் திறந்துவிட்டது பெரிய விஷயம்.

பஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? கோயிலுக்குத் தனி வாசல், தெருவுக்குத் தனி எல்லை, கிணறு தனி, டீக்கடையில் தனி டம்ளர் என்று பிரித்துவைக்க முடிந்தது. பஸ்ஸில் அது கஷ்டம். ரெண்டு பேர் சீட்டில் தோளும் தோளும் உரசித்தான் ஆகணும். மேட்டில் வண்டி நின்றால் எல்லோரும் சேர்ந்து தள்ளித்தான் ஆகணும். கோயில் நுழைவுச் சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே, சாதி இடிபட்ட ஒரு சின்ன இடம் பஸ்ஸின் பலகை பெஞ்சு. பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைக்குப் போனதும் மறுபடி ரெட்டை டம்ளர் வந்துவிடும் என்பதும் உண்மைதான்.

பர்மிட் என்னும் சொத்து

1930-களில் பஸ்கள் பெருகி ரயிலின் வருமானத்தில் கை வைத்தன. ரயிலோ சர்க்கார் பணம் போட்ட சொத்து. 1930-களின் ஆரம்பத்தில் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் நாடு முழுக்கச் சுற்றி ரோடு - ரயில் போட்டியைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்தது 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். இனி யார் வேண்டுமானாலும் பஸ் விட முடியாது. எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு, எத்தனை நடை, எத்தனை மணிக்கு என்று எழுதிய பர்மிட் வேணும். மூன்றில் இருந்து ஐந்து வருடத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அதுவரை பஸ் முதலாளியின் சொத்து வண்டி. சட்டத்துக்குப் பிறகு சொத்து என்பது பர்மிட். வண்டி பழசானால் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம். நல்ல ரூட் பர்மிட் போனால் போனதுதான். எங்க பக்கம் கல்யாணப் பேச்சில், "நஞ்சை எத்தனை ஏக்கர்?" என்பதோடு, "எத்தனை பர்மிட் வச்சிருக்காங்க?" என்றும் கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பர்மிட்டை யாருக்குக் கொடுப்பது? 1956 ஏப்ரலில் சென்னை சர்க்கார் அதற்கு ஒரு மார்க் முறையை ஆணையாகப் போட்டது. பரீட்சை மாதிரியேதான். கட்டுபடியாகும் அளவுக்கு பஸ்கள் வைத்திருக்கிறாயா, சொந்த ஒர்க்‌ஷாப் இருக்கா, அந்த ரூட்டில் வீடோ ஆபீஸோ இருக்கா, அனுபவம் என்ன என்று தலைப்பு வாரியாக மார்க். கூட்டிப் பார்த்து, கூடுதல் வாங்கியவருக்கு பர்மிட். தோற்றவர் அப்பீல் போவார், அப்புறம் ஹைகோர்ட், அப்புறம் டெல்லி. கும்பகோணம் ராமன் அண்ட் ராமன் கம்பெனி பெயரில் உள்ள வழக்குகளைச் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் ராஜகோபால் நாயுடு என்பவர் போட்ட வழக்கில், 1964-இல் அச்சான தீர்ப்பில், சுப்ரீம் கோர்ட் அந்த மார்க் ஆணையையே ரத்து செய்தது. நீதிமன்றம் போல விசாரித்து முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு, இப்படித்தான் முடிவெடு என்று சர்க்கார் உத்தரவு போட முடியாது என்பது காரணம். இந்தியா முழுக்க நிர்வாகச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அதன் அடியில் இருப்பது நம்ம மாநிலத்து பஸ் ரூட் சண்டை.

மார்க் முறை போனாலும் அது வளர்த்துவிட்ட போக்கு போகவில்லை. பெரிய கம்பெனிகள் மேலும் பெரிசாகின. மதுரையில் டிவிஎஸ்ஸின் சதர்ன் ரோடுவேஸ், பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன். ஒவ்வொரு வட்டாரத்திலும் ரோடு யாரோ ஒருவர் கையில்.

இதே ரோட்டின் அந்தக் கோடியில் வேறு ஒரு உலகம் இருந்தது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம். அங்கே மகாராஜா அரசாங்கமே 1938 பிப்ரவரியில் பஸ் விட ஆரம்பித்துவிட்டது. லண்டன் பஸ் நிர்வாகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரைக் கூட்டிவந்து நடத்தினார்கள். சென்னைப் பட்டணத்தில் சர்க்கார் பஸ் 1947-இல் வந்தது. அடுத்த வருடமே நகரப் போக்குவரத்து முழுக்க அரசு வசம். 1949-இல் இருந்து 1952 வரை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் எங்க ராஜபாளையத்து குமாரசாமி ராஜா. ஆனால் பட்டணத்துக்கு வந்த சர்க்கார் பஸ், அவர் சொந்த ஊர் இருக்கும் மதுரை வட்டாரத்துக்குப் பெரிய அளவில் வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

பாண்டியனும் கட்டபொம்மனும்

1971-இல் கருணாநிதி அரசு, 50-க்குக் குறையாத பஸ் பர்மிட் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளைக் கையகப்படுத்தச் சட்டம் போட்டது. 1972-இல் மாநிலம் முழுக்க புதுக் கழகங்கள் பிறந்தன. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன். மதுரையில் டிவிஎஸ் பஸ்கள் பாண்டியன் ரோடுவேஸ் ஆயின. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லோரும் அதே ஆட்கள். வண்டியும் அதேதான். நெற்றியில் எழுதிய பெயர் மட்டும் வேறு. ஆனால் அந்தப் பெயர் மாறியதில், முதலாளி வீட்டு வாசலில் நின்ற கண்டக்டர் கழக ஊழியர் ஆனார்.

1973-இல் மீதமிருந்த தனியார் பஸ்களையும் எடுக்க இன்னொரு சட்டம் வந்தது. ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. 1980-களின் தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது. ஆனாலும் சின்ன முதலாளிகள் முழுசாக ஒழியவில்லை. இன்றைக்கும் நம் மாவட்டங்களில் தனியார் ரூட் பஸ் ஓடுவது இதனால்தான். பெரிய மரங்களை வெட்டினார்கள், புதர் தப்பித்துவிட்டது.

1974-இல் பாண்டியனில் இருந்து பிரிந்து திருநெல்வேலியில் கட்டபொம்மன் பிறந்தது. ராஜபாளையம் இந்த ரெண்டு பேருக்கும் எல்லை ஊர். வடக்கே இருந்து பாண்டியன் வரும், தெற்கே சங்கரன்கோவில், தென்காசி பக்கம் இருந்து கட்டபொம்மன் வரும். பஸ் ஸ்டாண்டில், "கட்டபொம்மன் பிரேக் டவுன், பாண்டியன்ல ஏறிக்கோ" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். நாங்கள் பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்களுக்கு இவர்கள் ராஜாக்கள் கிடையாது, பஸ்கள். வரலாற்றுப் புத்தகத்தில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள் என்று படித்தபோது என் பக்கத்து சீட் பையன், "அப்ப சாயங்காலம் தென்காசிக்கு எதுல போறது?" என்று கேட்டு அடி வாங்கினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அரசும் கழகத்தைப் பிரித்தது, பெயர் வைத்தது. மூவேந்தர் தீர்ந்ததும் தலைவர்கள், தியாகிகள், வீரர்கள். மருது பாண்டியர், தீரன் சின்னமலை, ஜீவா, நேசமணி, ராணி மங்கம்மாள், தந்தை பெரியார். மாவட்டங்களுக்கும் இதே கதைதான். எங்க மாவட்டம் 1985-இல் பிறந்தபோது காமராஜர் மாவட்டம். பக்கத்தில் பசும்பொன் முத்துராமலிங்கம், வ.உ.சிதம்பரனார், நெல்லை கட்டபொம்மன் என்று மாவட்டங்கள்.

வெளியே பார்த்தால் மரியாதை. உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டு இருந்தது. ஒவ்வொரு பெயரையும் ஒரு சமூகம் தன்னுடையதாகப் பார்த்தது. பஸ் சாயங்காலத்துக்குள் நூறு ஊருக்குள் போய்வரும் ஒரு பெயர்ப் பலகை. அதில் எழுதிய பெயர், "இந்த ரோடு எங்களுக்கும் சொந்தம்" என்று ஒரு சமூகம் சொல்வது போல. எல்லோருக்கும் பெயர் கிடைத்துக்கொண்டு இருந்தது. ஒருவரைத் தவிர.

1997

விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதுக் கழகம் 1997-இல் அறிவிக்கப்பட்டது. எங்க ஊர் பஸ்களுக்கான கழகம். பெயர்: வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம்.

சுந்தரலிங்கம் ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியில் பிறந்தவர். கட்டபொம்மனின் படைத்தளபதி. 1799-இல் வெள்ளைக்காரர்களோடு நடந்த சண்டையில் உயிர்விட்டவர். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடலாம் என்றால், அவருக்காகச் செத்தவர் பெயரில் ஓடக்கூடாதா? கேள்வி எளிமையானது. பதில் எளிமையாக வரவில்லை.

ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதியினர், அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏறமாட்டோம் என்றார்கள். எதிர்ப்பு, மறியல், கல்வீச்சு. அது மோதலாகி, தீவைப்பாகி, கொலைகளாகவும் ஆனது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அதன் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த நாட்களில் பஸ் மதியத்தோடு நின்றுவிடும். அப்பா மில்லில் இருந்து நடந்தே வந்தார். பக்கத்து ஊர் டவுன் பஸ்ஸின் கண்ணாடியில் கம்பி வலை அடித்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

திடீரென்று வந்த தீ இல்லை இது. ரெண்டு வருடம் முன்னால், 1995 ஜூலையில், சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறில் தொடங்கிய பதற்றம் தென்மாவட்டம் முழுக்கப் பரவி, அந்த ஆகஸ்ட் கடைசியில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது வரை போனது. அதன் சாயலில் 2021-இல் வந்த 'கர்ணன்' படமும் நிற்காமல் போகும் பஸ்ஸில்தான் தொடங்குகிறது. தெற்கே பஸ் வெறும் வாகனம் கிடையாது என்பது புரிந்தவர் எடுத்த படம் அது.

1997 ஜூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுக்கவில்லை. எல்லாக் கழகங்களில் இருந்தும், எல்லா மாவட்டங்களில் இருந்தும், எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்தது. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எல்லோரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். பெரும்பாலான பஸ்களில் "தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்" என்று ஒரே பெயர், கோட்டம் ஒன்று, இரண்டு என்று எண்கள். எங்க காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது.

அமைதிக்கு அது தேவையாக இருந்தது என்று சொல்வார்கள். இருக்கலாம். அந்த வருடம் இங்கே இருந்தவன் என்ற முறையில் அதை நான் லேசாகத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்கணும். அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்தில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். சமமாக உட்காரும் உரிமைக்காக. இங்கேயும் ஏற மறுத்தார்கள். சமமாக ஒரு பெயர் எழுதப்பட்டதற்காக. அங்கே மறுத்தவர்கள் ஜெயித்ததில் சீட் எல்லோருக்கும் கிடைத்தது. இங்கே மறுத்தவர்கள் ஜெயித்ததில் பெயர் யாருக்கும் இல்லை என்று ஆனது. ஒருவருக்குக் கொடுப்பதைவிட எல்லோரிடமும் இருந்து பிடுங்குவது சுலபமாக இருந்திருக்கிறது.

எழுபது வருடம் முன்னால், இதே ஜில்லாவில், ஏற்ற மாட்டேன் என்ற பஸ்ஸின் லைசென்ஸைப் பிடுங்குவேன் என்றார் ஒருவர். அன்று ஆளை ஏற்ற மறுத்தார்கள். 1997-இல் பெயரை ஏற்ற மறுத்தார்கள். முன்னதற்கு உத்தரவு போட்டு ஜெயிக்க முடிந்தது. பின்னதற்கு உத்தரவை வாபஸ் வாங்க வேண்டி வந்தது.

பெயர் இல்லாத பஸ்

அதற்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-களின் கடைசியில் மினி பஸ் திட்டம் வந்தது. பஸ் போகாத பாதையில் 16 கிலோமீட்டர், ஏற்கெனவே பஸ் ஓடும் பாதையில் 4 கிலோமீட்டர் என்று பர்மிட். மெயின் ரோட்டை மட்டுமே தெரிந்த பஸ், மலையடிவாரத் தோப்புகளையும் உள்ளே தள்ளி இருக்கும் கரிசல் ஊர்களையும் தொட்டது இதற்குப் பிறகுதான். கவனித்தீர்களா, கவர்மென்ட் பஸ்ஸில் அழிந்த பெயர்கள் மினி பஸ்ஸில் திரும்பி வந்தன. ஆனால் இந்தத் தடவை சாமி பெயர்கள், முதலாளியின் பிள்ளைகள் பெயர்கள். சண்டைக்கு வராத பெயர்கள்.

2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வேலைக்கும், ராஜபாளையம் மில்லுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும், ஆண்டாள் கோயிலுக்கும் போகும் பெண்களால் காலை எட்டு மணி பஸ் பிதுங்குகிறது. முன்பெல்லாம் சம்பளத்தில் பஸ் காசைக் கழித்து மிச்சம் என்ன என்று பார்த்து வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்த பெண்கள் இவர்கள். அந்தக் கூட்டத்தில் யார் எந்தத் தெரு என்று பார்த்து உட்கார இடமில்லை. யாராவது குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், யாருடைய பையோ யாருடைய காலிலோ இருக்கும். பழைய பலகை பெஞ்சு செய்த வேலையை இந்த பஸ் இப்போ பெரிய அளவில் செய்துகொண்டு இருக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இறங்கியதும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை எல்லாம் எழுதி முடித்த அன்று அம்மாவிடம் சுந்தரலிங்கம் பஸ் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்தப் பேர் போட்ட வண்டில ஒருதரம்கூட ஏறலைப்பா. ஏறக்கூடாதுன்னு இல்ல. அது சரியா ஓடவே விடலையே" என்றார்.

அப்புறம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மதுரையில் ஒரு விசேஷம். வாசலைத் தாண்டும்போது திரும்பி, "மணி என்னாச்சு? ஒன்பதரை பாண்டியன் போயிருக்குமா?" என்று கேட்டார்.

போயிருக்காது என்றேன்.